கதவு திறந்தால் தொடங்கும் பாட்டு

சேசு மரி சூசை

ரொறன்ரோ.
மாசி மாதம். வெளியே பனி.

பெருமதிப்புக்குரிய இக்னேசியஸ் பெரியப்பாவுக்கு, உங்கள் தம்பி நீக்கிலாப்பிள்ளையின் மகள் மெலிசா பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்கள் நலத்தையும், பெரியம்மாவின் நலத்தையும், பெரியம்மாவின் வலது முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல்.

மூன்று திருப்பெயர்களையும் உச்சியில் எழுதிவிட்டேன். அவை இல்லாத கடிதத்தை நீங்கள் வாசிக்காமல் மடித்துவிடுவீர்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சொல்லத் தெரிந்த காலத்தில்.

உங்கள் குரல் செய்திகள் எல்லாம் கிடைத்தன. கடைசிச் செய்தியில் நீங்கள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆரடி என்ர தம்பியை ஒஷாவாவில கொண்டுபோய்ப் போட்டது? மனிசன் கலியாணப் பாட்டு வாசிச்சதுக்கோ? உதுக்குப் பதிலைப் போனில சொல்லாத. தமிழில எழுது. கையால எழுது. நான் ஆயரிட்டக் காட்டோணும்."

ஆகவே இது ஆயர் ஆண்டகைக்கும் சேர்த்து எழுதப்படும் கடிதம். ஆண்டகைக்கு என் வணக்கம்.

முதலில் அப்பாவின் தொழில். உங்களுக்குத் தெரியும். ஆண்டகைக்குத் தெரியாது. அப்பா கிழமை நாட்களில் மட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் நின்றார். சனிக்கிழமைகளில் கலியாணங்களுக்குக் கீபோட் வாசித்தார். இந்த நகரத்தில் மணமுடித்த கத்தோலிக்கத் தமிழ்ப் பெண்களில் பலர் அப்பாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் பீடம் வரை நடந்தார்கள். பிறகு சைவக்காரரும் கேட்கத் தொடங்கினார்கள். தாலி கட்டி, சேலை மாற்றி, ஹோல் வாசலில் புகை அடித்து, கதவு திறக்கும். அப்பா தொடங்குவார். வெள்ளைக்காரர் கலியாணங்களில் மணப்பெண் உள்ளே வரும்போது வாசிக்கும் அதே பாட்டு.

கதவுதான் முக்கியம். கலியாண வீட்டில் கீபோட்காரருக்கு எல்லோரும் சைகை காட்டுவார்கள். மாமன்மார், வீடியோக்காரர், பூப்பிள்ளைகளின் தாய்மார். எல்லாம் பிழையான சைகைகள். அப்பா ஒருவரையும் நம்புவதில்லை. கதவை மட்டும் பார்ப்பார். மணப்பெண்ணின் சப்பாத்து நுனி தெரிந்தால் முதல் நான்கு சுரங்கள். அவள் பீடத்தடிக்கு வந்ததும் நிறுத்தம். இதை முப்பது வருடம் செய்தவருக்குக் கண் அப்படியே பழகிவிட்டது. வீட்டில் சோறு தின்னும்போதும் கதவைப் பார்த்துக்கொண்டே தின்பார். "இந்த மனிசன் என்னை ஒருநாளும் நேராப் பாத்ததில்லை, நான் கதவால வந்தாத்தான் பாக்கிறது" என்று அம்மா சொல்வார்.

அம்மா போன பிறகு மறதி வந்தது. ஒழுங்காக வந்தது. முதலில் வீட்டுத் திறப்புகளை வைத்த இடம். பிறகு சென் ஜேம்ஸ் ரவுணில் எங்களுடைய கட்டடம் எது என்பது. பிறகு கிளிபோட் அண்ணாவின் பெயர். பிறகு என்னுடைய பெயர். பிறகு அம்மா போய்விட்டார் என்பது. மிஞ்சியவை ஒரு கதவும் ஒரு பாட்டும்.

முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தபோது கீபோட்டையும் கூடவே கொண்டுபோனோம். பெரிய பொது அறை. சாப்பாடும் அங்கேதான், ரீவியும் அங்கேதான். அறைக்கு ஒரு கதவு. அந்தக் கதவால் நாள் முழுவதும் பெண்கள் வருவார்கள். மருந்து கொடுக்கும் பெண். நிலம் துடைக்கும் பெண். வோக்கரைத் தள்ளிக்கொண்டு வரும் தவமணி அன்ரி. அப்பாவுக்கு எல்லோரும் மணப்பெண்கள்.

தவமணி அன்ரி முதல் நாளே நடையை மாற்றிவிட்டார். ஒரு அடி, நிறுத்தம். ஒரு அடி, நிறுத்தம். மறுநாள் இரண்டு கிழவிகள் அவருக்குப் பின்னால். ஒருவர் போர்த்துக்கல்காரி, ஒருவர் சீனத்தி. அந்தப் பாட்டை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. போர்த்துக்கல்காரி மேசைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். நடக்கமாட்டேன் என்று மாதக்கணக்காக அடம்பிடித்தவர்கள் நடக்கிறார்கள் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு ஒரே சந்தோசம்.

நான் போகும்போதும் அப்படித்தான். என் பெயர் தெரியாது. முகம் தெரியாது. கதவு திறக்கும், அவருடைய கைகள் எழும்பும், நான் அவருக்குப் பக்கத்தில் வரும்வரை வாசிப்பார். வந்ததும் நிறுத்தி, "இருங்கோ பிள்ளை" என்பார். இல்ல வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது: என்னைத் தெரிகிறதா என்று கேட்காதீர்கள். நான் கேட்டதில்லை. தேவைப்படவில்லை. எனக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்பதை நீங்கள் ஒவ்வொரு செய்தியிலும் ஞாபகப்படுத்துகிறீர்கள், பெரியப்பா. நான் ஒவ்வொரு கிழமையும் பனிச் சப்பாத்தோடு பீடம் வரை நடந்துகொண்டிருந்தேன்.

இனி மிஸ்டர் லெவின்.

அதே மாடி. தொண்ணூறைத் தாண்டியவர். சில்லு நாற்காலி. அவருக்கு மறதி இல்லை. அதுதான் அவருடைய வருத்தம். அப்பா முதன்முதல் வாசித்தபோது அவர் சூப் குடித்துக்கொண்டிருந்தாராம். கரண்டியை வைத்தார். நாற்காலியைத் திருப்பினார். போய்விட்டார். மத்தியானமும் அப்படி. மறுநாளும் அப்படி. பிறகு பொது அறைக்கு வருவதை விட்டார். தட்டை அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்டது. தட்டு அப்படியே திரும்பி வந்தது. அவருடைய கழுத்துப்பட்டிக்குள் கழுத்து சிறுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

மனேஜர் எங்களைக் கூப்பிட்டாள். நல்ல பெண். மிக மெதுவாகப் பேசுவாள். யாரையும் குறை சொல்லவில்லை, வழிகளைத் தேடுவோம் என்றாள். தேடினோம்.

முதலில் அப்பாவின் கதிரையைத் திருப்பி முதுகு கதவுக்கு இருக்கும்படி வைத்தோம், அணைத்துவைத்த ரீவியின் கறுப்புக் கண்ணாடியில் கதவு தெரிந்தது, அவர் அதைப் பார்த்து வாசித்தார், சரி ரீவியைப் போட்டுவிடுவோம் என்று போட்டார்கள், அதில் ஒரு நாடகம், நாடகத்தில் ஒரு பெண் கதவைத் திறந்தாள், அப்பா வாசித்தார், அந்த நாடகத்தில் எல்லோரும் நாள் முழுவதும் கதவைத் திறந்துகொண்டே இருந்தார்கள், அதன் பிறகு கிளிபோட் அண்ணா மிசிசாகாவிலிருந்து வந்து கீபோட்டின் குரலை மாற்றிவிட்டால் பாட்டு அடையாளம் தெரியாது என்று மேளச் சத்தத்துக்கு மாற்றினார், அப்பா மேளத்திலும் அதையே வாசித்தார், கிழவிகள் வேகமாக நடந்தார்கள், போர்த்துக்கல்காரியின் வோக்கர் தவமணி அன்ரியின் குதிக்காலில் ஏறி அன்ரிக்குக் கட்டுப்போட வேண்டிவந்தது, அடுத்து அப்பாவின் காதில் ஹெட்போன் மாட்டினோம், அவருக்கு மட்டும் கேட்கும் என்று, கேட்டது, கேட்ட சந்தோசத்தில் அவர் வாய்விட்டுப் பாடத் தொடங்கினார், பின்னர் பெண்களெல்லாம் பின்பக்கக் கதவால் வரலாம் என்று முடிவானது, பின்பக்கக் கதவைத் திறந்தால் தீ மணி அடிக்கும் என்பதை முடிவு செய்தவர்கள் யோசிக்கவில்லை, தீயணைப்புப் படையின் பெண் அதிகாரி தலைக்கவசத்தோடு முன்கதவால் உள்ளே வந்தாள், அவளையும் அப்பா வாசித்துத்தான் வரவேற்றார்.

கடைசியில் கீபோட்டை எடுத்துவிட்டோம்.

அப்பா மேசை விளிம்பில் வாசித்தார். சத்தமில்லாமல். நாங்கள் மூச்சு விட்டோம். தவமணி அன்ரி அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவற்றுக்காகத் தானே முணுமுணுக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டம். நீங்களும் அதில் பேசினீர்கள். உங்களுக்குத் தெரியாது.

கூட்டத்துக்கு முன் கிளிபோட் அண்ணா என்னை நடைபாதையில் நிறுத்தினார். "மெலிசா, நீ வாயைத் திறக்காத. இது கலியாணப் பாட்டெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. இது மாதா பாட்டு. மதச் சுதந்திரம். என்ர வேலையில உப்பிடித்தான் எல்லாத்தையும் வெல்லுறாங்கள்."

"அண்ணா, அது மாதா பாட்டில்லை."

"எங்களுக்கு மாதா பாட்டுத்தானே. சின்னனில நீ பாடேல்லையோ?"

பாடியிருக்கிறேன். ஆண்டகைக்காக: எங்கள் ஊர்க் கோயிலில் அமிர்தநாதர் என்று ஒரு பாட்டு வாத்தியார் இருந்தார். அந்த மெட்டுக்கு அவர் தமிழில் சொல் போட்டார். "தாய் மரியே, தாள் பணிந்தோம்." மணப்பெண் கோயிலுக்குள் வரும்போது பாட வேண்டியது. அப்பா விரலால் வாசித்தது எல்லாம் அதைத்தான்.

கூட்டத்தில் அண்ணா போனை மேசையில் வைத்து உங்கள் குரலைப் போட்டார். அறை முழுக்க மன்னார்ப் பேச்சு. "உது எங்கட பாட்டு. எங்கட அமிர்தநாதர் வாத்தியார் எழுதின பாட்டு. ஜெர்மன்காரன் களவெடுத்திட்டுப் போட்டான். வழக்குப் போடுறதெண்டா நாங்கள்தான் போடோணும்."

மனேஜர் தலையை ஆட்டிக் கேட்டாள். மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தாள். "பெரியப்பா இந்தப் பாட்டைப் பக்தியோடு நினைக்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

மனேஜரிடம் இரண்டு விதிகள் இருந்தன. ஒருவருடைய வழிபாட்டைத் தடுக்கக் கூடாது. ஒருவருடைய பழைய துயரத்தைக் கிளறக் கூடாது. இரண்டும் நல்ல விதிகள். ஒன்றை ஒன்று சந்தித்ததில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மிஸ்டர் லெவினோடு குடும்பத்தவர் யாராவது பேசிப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டாள்.

போனேன்.

அவர் பேசியது ஆங்கிலத்தில். நான் எழுதுவது தமிழில். அவர் மன்னார்க்காரர் மாதிரிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த கிழவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

"கொப்பர் நல்லா வாசிக்கிறார், பிள்ளை. அதுதான் கரைச்சல். பிழையா வாசிச்சா நான் இருந்து சாப்பிட்டிருப்பன்."

"அவருக்கு அது மாதா பாட்டு, மிஸ்டர் லெவின். தேவதாய்க்குப் பாடுறது."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கி, திரும்பவும் சிரிப்பானது. "மாதாவும் எங்கட ஆள்தானே. யூதப் பொம்பிளை. அவவிட்ட ஒருக்கால் கேட்டுப் பாரும், அவவுக்கு உந்தப் பாட்டுப் பிடிக்குமோ எண்டு."

இதற்குப் பதிலை உங்களிடமே விடுகிறேன். உங்களுக்கு வந்தால் எழுதுங்கள். ஆண்டகைக்கு வந்தாலும்.

பிறகு அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

"எனக்கு ஏழெட்டு வயசு. எங்களை வீட்டால இறக்கித் தெருவில நிப்பாட்டியிருக்கினம். கொண்டுபோறதுக்கு, பொதியளோட. அம்மா என்ர தொப்பியைச் சரிபண்ணுறா. முன்வீட்டில கலியாணம். யன்னல் திறந்துகிடக்கு. ஆரோ பியானோ வாசிக்கினம். உந்தப் பாட்டு. வாசிக்கிற பொம்பிளையை எனக்குத் தெரியும். எங்கட அம்மாட்டத்தான் பியானோ பழகினவள். உந்தப் பாட்டையே அம்மாதான் அவளுக்குப் பழக்கினவ." சில்லு நாற்காலியை யன்னல் பக்கம் திருப்பினார். "உதை எழுதின மனிசன் என்ன எழுதி வைச்சவன் தெரியுமோ? யூதருக்கு இசை வராதாம்."

யன்னலுக்கு வெளியே, தெருத் தண்டவாளத்தில், ஸ்ரீற்கார் ஒன்று போனது.

"ஆரும் யன்னலைச் சாத்தேல்லை, பிள்ளை. பாட்டை நிப்பாட்டவும் இல்லை. எனக்கு இப்பவும் கேக்கிறது பாட்டில்லை. நிப்பாட்டாததுதான் கேக்குது."

பெரியப்பா, அந்தப் பாட்டை எழுதிய மனிதரைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பில் படித்தேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஓபரா என்பது ஏறத்தாழ எங்கள் நாட்டுக்கூத்து. எல்லாவற்றையும் பாட்டிலேயே சொல்வார்கள். தண்ணீர் கேட்பதென்றாலும் பாட்டுத்தான். ஜெர்மனியில் வாக்னர் என்று ஓர் அண்ணாவியார், கூத்து எழுதி ஆட்டுவிப்பவர். அமிர்தநாதர் வாத்தியார் பிறக்கும் முன்பே செத்துப்போனவர். களவெடுக்க அவருக்கு வசதி இருக்கவில்லை. பெரிய கலைஞர். இசையின் போக்கையே மாற்றியவர். யூதரைப் பற்றி அவர் எழுதியதை இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் செத்துப் பல வருடங்களுக்குப் பிறகு வந்து யூதரைக் கொன்று குவித்த கொலைகாரர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இசை வேறு, ஆள் வேறு என்று வகுப்பில் பாதிப்பேர் சொன்னார்கள். மற்றப் பாதி இல்லை என்றது. நான் கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கினேன். என்ன முடிவு எழுதினேன் என்று இப்போது ஞாபகமில்லை.

அவருடைய ஒரு கூத்தில் ஒரு பெண். அவளைக் காப்பாற்ற ஒரு வீரன் வருகிறான். மணப்பேன் என்கிறான். ஒரே நிபந்தனை. நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று அவள் கேட்கக் கூடாது. கலியாணம் முடிகிறது. முடிந்த பிறகு அவர்களைப் பாடிக்கொண்டு கூட்டிப்போகிறார்கள். அந்தப் பாட்டுத்தான் இது. பீடத்துக்கு அல்ல, பெரியப்பா. படுக்கையறைக்கு. ஆண்டகை இந்த வரியைத் தாண்டிப் போகலாம். கதவு சாத்தியதும் அவள் கேட்கக் கூடாததைக் கேட்கிறாள். அவன் போய்விடுகிறான். அவள் செத்து விழுகிறாள். இதைத்தான் நாங்கள் எல்லாப் பெண்களுக்கும் வாசித்து அனுப்பினோம். பலர் நன்றாகவே வாழ்கிறார்கள்.

நான் திரும்பி வந்ததும் கிளிபோட் அண்ணா வாகனத் தரிப்பிடத்தில் நின்று கத்தினார். கத்துவதற்கு அவருக்கு நியாயம் இருந்தது.

"அந்தாளுக்கு உலகத்தில இருக்கிற பாட்டெல்லாத்திலயும் ஒண்டுதான் பிரச்சினை. எங்கட அப்பாவுக்கு உலகத்தில இருக்கிறதே உந்த ஒண்டுதான். ஆர் போகோணும்? நீ படிச்சனிதானே, சொல்லு."

 நான் உங்கள் கடைசித் தம்பி ஜோசுவா சித்தப்பாவை நினைத்தேன்.

நான் அவரைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். நீங்கள் மூவரும் வவுனியாவுக்குப் போன அந்த பஸ்ஸைப் பற்றி அம்மா எனக்கு ஒருமுறைதான் சொன்னார். இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கி, எல்லோரையும் ஏற்றி, ஜோசுவா சித்தப்பாவை மட்டும் ஏற்றவில்லை. காவலரணில் ஒரு றேடியோ. ஒரு சிங்களக் காதல் பாட்டு. நல்ல இனிமையான பாட்டாம். பாடியவருக்கு எங்களைத் தெரியாது. எங்களுக்கு எதிராக அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. பஸ் வெளிக்கிட்டபோதும் பாட்டு முடிந்திருக்கவில்லை.

மிசிசாகாவில் ஒரு கலியாணத்தில் யாரோ அந்தச் சிங்களப் பாட்டைப் போட்டார்கள். அப்பா வயரைக் கழற்றிச் சுற்றி, கீபோட்டைத் தூக்கிக்கொண்டு நடுச் சாப்பாட்டில் வெளியே போனார். பேசிய காசையும் வாங்கவில்லை. ஊரில் நீங்கள் அயல்வீட்டு றேடியோவைக் கிணற்றுக்குள் போட்டீர்கள் என்றும் அம்மா சொன்னார். அந்த வீட்டுக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். புதிதாக ஒன்று வாங்கினார். அந்தப் பாட்டு வந்தால் குறைத்துவிடுவார்.

ஆகவே, பெரியப்பா, உங்கள் கேள்விக்குப் பதில். ஆரடி என்றால், நான்தான். கிளிபோட் அண்ணா அல்ல. மனேஜர் அல்ல. மிஸ்டர் லெவின் ஒருநாளும் அப்பாவை மாற்றச் சொல்லவில்லை. ஒஷாவாவில் வேறொரு முதியோர் இல்லத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. நான் கையெழுத்து வைத்தேன். அப்பாவுக்கு யன்னல் இருந்தது, சாத்தத் தெரியவில்லை. அவருக்காக நான் சாத்தினேன்.

ஒஷாவா தூரம்தான். ரயில், பிறகு பஸ், பிறகு காற்று. ஆனால் இடம் நல்லது. அறையில் வெளிச்சம். சோறு கொடுக்கிறார்கள், கொஞ்சம் குழைந்த சோறு. கீபோட்டைத் திரும்பக் கொடுத்துவிட்டோம், கதவுக்கு நேரே வைத்திருக்கிறோம், அங்கே அந்தப் பாட்டு யாருக்கும் வலிக்காது. அப்பா மிகவும் சுகமாக இருக்கிறார். மிஸ்டர் லெவின் பொது அறைக்கு வந்து சாப்பிடுகிறார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கவலைக்கு ஒன்றுமில்லை.

பெரியம்மாவுக்கு என் முத்தங்கள். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், தபாலில் ஒழுகாமல் வந்தால் தேய்க்கவும். ஞாயிறு பூசையில் அப்பாவுக்காக ஒரு மெழுகுதிரி. உங்களுக்கு மனமிருந்தால் மிஸ்டர் லெவினுக்கும் ஒன்று. அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் ஆசீரை எதிர்பார்க்கும்,

உங்கள் பெறாமகள்
மெலிசா

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டேன். திரும்பப் பிரித்தேன்.

அப்பா சுகமாக இருக்கிறார் என்று எழுதியது சரியல்ல. ஒஷாவாவுக்குப் போன நாளிலிருந்து அவர் வாசிக்கவில்லை. நேற்று நான் போனேன். கதவைத் திறந்தேன். அவர் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் மடியில் கிடந்தன. நான் வெளியே போய்த் திரும்ப வந்தேன். பிறகு திரும்பவும். ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று வாசலில் இருந்த பெண் கேட்டாள். பிறகு நான் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அப்பா, நான் ஆர்?"

அவர் மரியாதையாக என்னைப் பார்த்தார். அவசரப்படாமல் யோசித்தார்.

"கலியாணப் பொம்பிளை வீட்டு ஆக்களோ?"

ஓம் என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ, பிள்ளை. பொம்பிளை இன்னும் வரேல்லை."

இன்று காலை மிஸ்டர் லெவின் எனக்குப் போன் எடுத்தார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

"சாப்பிடுறன். சூப்போட சேந்து உந்தப் பாட்டும் வாயில வருது."

"எந்தப் பாட்டு?"

"உம்மட மாதா பாட்டு. நான் முணுமுணுக்கிறன், பிள்ளை. எனக்கே தெரியாமல். நேற்று நடுச் சாப்பாட்டில திரும்பிப் பாக்கிறன், உந்தத் தவமணி என்ர கதிரைக்குப் பின்னால நடந்து வாறா. தலையில துண்டோட. கொப்பர் வாசிக்கேக்க அது வெளியில இருந்தது. காதைப் பொத்தலாம். எழும்பிப் போகலாம். மனேஜரிட்டச் சொல்லலாம். இப்ப நான் ஆரைச் சொல்லுறது? என்னை எந்த ஊருக்கு மாத்துவினம்?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"என்னைக் கொப்பரிட்டக் கொண்டுபோம். உதை அவரிட்டத் திருப்பிக் குடுக்கோணும். அவர் வாசிக்கட்டும். நான் கோவிச்சுக்கொண்டு வெளியில போறன். அதுதான் ஒழுங்கு."

"அப்பா இப்ப வாசிக்கிறதில்லை, மிஸ்டர் லெவின்."



"கதவால ஆர் உள்ளுக்குப் போனது?"

"நான்தான்."

"அழுதுகொண்டு போயிருப்பீர். பொம்பிளை உப்பிடியோ வாறது? கதவால முதல் நான் போறன்."

"ஆம்பிளையள் வந்தா அவர் வாசிக்கிறதில்லை."

"அவரின்ர கண்ணுக்கு என்ன தெரியுதெண்டு உமக்கென்ன தெரியும்?"

சனிக்கிழமை போகிறோம். வாகனம் கிளிபோட் அண்ணாவுடையது. வெள்ளைச் சேட்டு ஒன்றை ஸ்திரிபோட்டு வைக்கச் சொல்லி மிஸ்டர் லெவின் இல்லத்தில் ஒரே சண்டையாம். தயவுசெய்து ஆயரிடம் ஒன்றையும் காட்ட வேண்டாம்.